அப்பாவுக்கு 58 வயது: இதெல்லாம் செல் முதுமைதானா?

கேள்வியை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், மற்றவர்களும் படிப்பார்கள். காரிமங்கலம் பக்கம் உங்கள் அப்பா விவசாயம் பார்க்கிறார், வயது 58. ஒன்றரை, இரண்டு வருடமாக முட்டி வலி, முதுகு இறுக்கம், கண் மங்கல், காலில் கீறல் பட்டால் வாரக்கணக்கில் ஆறாமல் கிடப்பது, படியேறினால் அசதி, அவ்வப்போது மறதி. வலிக்கு ஊர் மெடிக்கலில் ‘செட்’ மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். காட்டிய ஒரு டாக்டர், “செல்லெல்லாம் வயசாகிப் போச்சு, இனி இப்படித்தான்” என்று அனுப்பிவிட்டார். ஓசூரில் வேலை பார்க்கும் உங்கள் கண்ணில் ‘செல்லைப் புதுப்பிக்கும்’ மாத்திரை விளம்பரம் ஒன்று பட்டிருக்கிறது, மாதம் நாலாயிரத்துக்கு மேல். செல் முதுமை என்றால் என்ன, அது எப்படி எல்லா உறுப்பையும் ஒன்றாகப் பிடிக்கும், அந்த மாத்திரையை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது: அப்பாவுக்கு வந்திருப்பது வயதின் வேலைதானா, அல்லது சரிசெய்யக்கூடிய ஏதாவது வயது என்ற பெயரில் ஒளிந்திருக்கிறதா?

நான் பொது மருத்துவம் படித்தவன். தருமபுரி மாவட்ட அரசு மருத்துவமனைகளில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போது பாலக்கோட்டில் நோயாளிகளைப் பார்க்கிறேன். செல்லுக்குள் நடப்பதைப் பற்றி நான் சொல்வது படித்து அறிந்தது. உடம்பில் அது எப்படித் தெரியும் என்பது தினமும் பார்ப்பது. உங்கள் அப்பாவைத் தொட்டுப் பார்க்காமல் இதுதான் நோய் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம். செல் முதுமை உண்மை, அது எல்லா உறுப்பையும் தொடும், ஆனால் மெதுவாக, பத்து இருபது வருடக் கணக்கில். 58 வயதில், இரண்டே வருடத்தில், ஆறு விஷயங்களைச் சேர்த்துக் கவிழ்க்கும் வேகம் அதற்குக் கிடையாது.

சரி, செல்லிலிருந்து தொடங்குவோம். உடம்பு ஏழு வருடத்துக்கு ஒருமுறை முழுக்கப் புதிதாகிவிடும் என்று ஒரு பேச்சு உண்டு, அது தவறு. குடலின் உட்சுவர்ச் செல்கள் சில நாட்களில் மாறிவிடும். தோலின் மேற்பரப்புக்கு ஏறக்குறைய ஒரு மாதம். ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் இருக்கும். இதயத் தசைச் செல்லோ, 25 வயதில் வருடத்துக்கு ஒரு சதவீதம் அளவுக்குத்தான் புதிதாகிறது, 75 வயதில் அது அரை சதவீதத்துக்கும் கீழே போய்விடுகிறது. இதைக் கண்டுபிடித்த விதம் சுவாரசியமானது. 1950, 60களில் வெட்டவெளியில் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் கூடியது. அந்தத் தடயம் உணவு வழியாக மனித டிஎன்ஏவிலும் ஏறியது. அதை அளந்து ஒரு செல் எந்தக் காலத்தில் பிறந்தது என்று சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2009இல் கணக்கிட்டார்கள். கண் லென்சின் நடுப்பகுதிப் புரதமோ, நாம் தாய் வயிற்றில் இருந்தபோது உண்டானது, சாகும்வரை அதேதான். ஆக, உடம்பின் எல்லா இடமும் ஒரே மாதிரி மூப்படைவதில்லை. அடிக்கடி பிரியும் செல்கள் இருக்கும் இடத்தில் ஒருவிதம், பிரியாத இடத்தில் வேறுவிதம்.

பிரியும் செல்லுக்கு ஒரு வரம்பு இருக்கிறது. 1961இல் அமெரிக்காவில் லெனார்ட் ஹேஃப்லிக், பால் மூர்ஹெட் என்ற இருவர், மனிதச் செல்களைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்தபோது அவை 50 முறை அளவில் பிரிந்துவிட்டு நின்றுபோவதைக் காட்டினார்கள். அதுவரை, வெளியே எடுத்து வளர்த்தால் செல்லுக்குச் சாவே இல்லை என்றுதான் நம்பிக்கொண்டிருந்தார்கள். காரணம் பிறகு தெரிந்தது. குரோமோசோமின் இரு முனைகளிலும் டெலோமியர் என்ற காப்புப் பகுதி இருக்கிறது. ஒவ்வொரு பிரிவிலும் அது கொஞ்சம் குறைகிறது. மிகவும் குட்டையானதும் செல் அதை டிஎன்ஏ அறுந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு, பிரிவதை நிறுத்திவிடுகிறது. டெலோமியரையும் அதை நீட்டும் டெலோமரேஸ் என்ற நொதியையும் விளக்கியதற்காக எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரெய்டர், ஜாக் சோஸ்டக் மூவருக்கும் 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. விளம்பரங்கள் இந்தப் பரிசைத்தான் முன்னால் நிறுத்துகின்றன. அவை சொல்லாமல் விடுவது, புற்றுநோய்க் கட்டிகளில் பத்தில் எட்டு ஒன்பது இதே டெலோமரேஸை முடுக்கிவிட்டுத்தான் சாகாமல் வளர்கின்றன என்பது. பிரிவதற்கு வரம்பு இருப்பது நம்மைப் புற்றுநோயிலிருந்து காக்கும் ஏற்பாடும்கூட. அப்புறம், சுண்டெலியின் டெலோமியர் மனிதனுடையதைவிட மிக நீளம், ஆனாலும் அது வாழ்வது இரண்டு மூன்று வருடம்தான். டெலோமியர் நீளத்தை அளந்து ஆயுளைச் சொல்கிறோம் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டாம்.

பிரிவதை நிறுத்திய செல் செத்துப்போவதில்லை. உங்கள் கேள்விக்கு முக்கியமான இடம் இதுதான். அது அங்கேயே உட்கார்ந்துகொண்டு, அழற்சியைத் தூண்டும் பொருட்களையும், சுற்றியுள்ள கொலாஜனை, அதாவது திசுவைத் தாங்கும் நார்ப் புரதத்தைக் கரைக்கும் நொதிகளையும் சுரந்துகொண்டே இருக்கும். பக்கத்துச் செல்லும் கெடும், ரத்தத்தில் கலந்து தூரத்து உறுப்புக்கும் போகும். தோலுக்கும் மூட்டுக்கும் ரத்தக் குழாய்க்கும் ஒரே காலத்தில் தளர்ச்சி வருவதற்கு இது ஒரு நல்ல விளக்கம். இளவயதில் நோய் எதிர்ப்புச் செல்கள் இவற்றைக் கண்டுபிடித்து அகற்றிவிடும். வயதானால் அந்த வேலையும் மந்தமாகிறது. 2011இல், சீக்கிரம் மூப்படையும்படி மரபணு மாற்றிய எலிகளில் இந்தச் செல்களை மட்டும் அழித்தபோது கண்புரையும் தசை இழப்பும் தள்ளிப்போயின. பிறகு சாதாரண எலிகளிலும் பலன் தெரிந்தது. அதே சமயம், காயம் ஆறும்போது இந்தச் செல்கள் கொஞ்ச நாள் இருப்பது உதவுகிறது என்பதும் 2014இல் தெரிந்தது. இருக்கவும் வேண்டும், வேலை முடிந்ததும் போகவும் வேண்டும். அதனால் இவற்றை மொத்தமாகக் கொன்றுவிட்டால் இளமை திரும்பும் என்று சொல்வது அவசரம்.

பிரியாத செல்லில் கதை வேறு. மூளை, இதயம், தசை இவற்றில் ஒரே செல் பல பத்தாண்டு உழைக்கிறது. அதற்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா வயதோடு எண்ணிக்கையிலும் திறனிலும் குறைகிறது. செல் தன் கெட்டுப்போன பாகங்களைத் தானே செரித்துச் சுத்தம் செய்யும் வேலையும் தளர்கிறது. அந்தச் சுத்திகரிப்பின் மரபணுக்களைக் கண்டறிந்த ஜப்பானியர் யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் கிடைத்தது. இவற்றோடு சர்க்கரை ஒட்டுதலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று மாதச் சர்க்கரை என்று நீங்கள் எடுக்கும் எச்பிஏ1சி பரிசோதனை, ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்றுதான் பார்க்கிறது. சிவப்பணு 120 நாளில் போய்விடுவதால் அந்தக் கறை தானே நீங்கும். தசைநாரிலும் ரத்தக் குழாய்ச் சுவரிலும் உள்ள கொலாஜனில் ஒட்டினால் பல வருடம் நீங்காது, இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து விறைப்பாக்கிவிடும். சர்க்கரை நோயாளியின் தோள்பட்டை 50 வயதிலேயே இறுகுவதற்கு இது ஒரு காரணம்.

இவையெல்லாம் சேர்ந்து உறுப்புகளில் முதலில் எதைக் குறைக்கின்றன? கையிருப்பை. குதிர் நிறைய ராகி இருக்கிற வீட்டில் ஒரு போகம் பொய்த்தால் வெளியே தெரியாது, குதிர் காலியாக இருந்தால் அதே போகம் குடும்பத்தைச் சாய்த்துவிடும். முப்பது வயது இதயமும் சிறுநீரகமும் நுரையீரலும் அன்றாடத் தேவையைவிடப் பல மடங்கு வலுவோடு இருக்கின்றன. முதுமை வருடா வருடம் அந்த உபரியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்கிறது. ஓய்வாக இருக்கும் 70 வயதுக்காரர் நன்றாகவே இருப்பார். ஒரு வயிற்றுப்போக்கு, ஒரு நிமோனியா வந்தால்தான் வித்தியாசம் தெரியும்.

சிறுநீரகத்தை எடுத்துக்கொள்வோம். வடிகட்டும் திறன் 40 வயதுக்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் நிமிடத்துக்கு ஒரு மில்லிலிட்டர் அளவில் குறைவது பலருக்கும் நடப்பது. ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது, தசை இளைத்த பெரியவருக்கு உற்பத்தியே குறைவு, அதனால் சிறுநீரகம் பாதி கெட்டிருந்தாலும் அளவு கிட்டத்தட்டச் சரியாகவே காட்டும். வயதையும் சேர்த்துக் கணக்கிடும் இ-ஜிஎஃப்ஆர் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இதோடு, வயதானால் தாக உணர்வு மங்குகிறது. சித்திரை வெயிலில் காட்டில் வேலை செய்துவிட்டு, தாகமில்லை என்று தண்ணீர் குடிக்காமல், மேல்வலிக்கு ஒரு மாத்திரையும் போட்டுக்கொண்டு, மறுநாள் சிறுநீர் வராமல் வந்து சேர்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்றும் தனித்தனியே சின்ன விஷயம், கையிருப்பு இல்லாத சிறுநீரகத்தில் மூன்றும் ஒன்றாக விழுகின்றன.

தசையும் அப்படித்தான். முப்பது வயதைத் தாண்டியதிலிருந்து பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது, அறுபதுக்கு மேல் வேகம் கூடுகிறது, வலு அதைவிட வேகமாகக் குறைகிறது. தசை நடப்பதற்கு மட்டும் இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவு உறிஞ்சுவது தசைதான். அது இளைத்தால் சர்க்கரை ஏறும், முட்டிக்குத் தாங்கல் போகும், விழுந்தால் எலும்பு முறியும். நம் ஊரில் கைகால் குச்சியாகவும் வயிறு மட்டும் முன்னால் தள்ளியும் இருப்பவர்கள் அதிகம், ‘ஒல்லியான ஆளுக்கு ஏது சர்க்கரை’ என்று சோதிக்காமலே விட்டுவிடுகிறார்கள். இந்த உடல்வாகில்தான் சர்க்கரை சத்தமில்லாமல் வரும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரத்தக் குழாயின் நெகிழ்ச்சி இழை பெரும்பாலும் சிறுவயதோடு உண்டாகி முடிந்துவிடுகிறது, அது தேயத் தேய மேல் அழுத்தம் ஏறி, கீழ் அழுத்தம் அப்படியே நிற்கும் அல்லது இறங்கும். நோய் எதிர்ப்புச் செல்களுக்குப் பயிற்சி தரும் தைமஸ் சுரப்பி நடுவயதுக்குள் பெரும்பாலும் கொழுப்பாகிவிடுகிறது, அதனால் பழைய காசநோய்க் கிருமி விழித்துக்கொள்ளும், அக்கி வரும், பெரியவர்களுக்கு நிமோனியா காய்ச்சலே இல்லாமல் வெறும் குழப்பமாகவும் வரும். மூளையில் ஆரோக்கியமான முதுமையில் செல்கள் கூட்டம் கூட்டமாகச் சாவதில்லை, இணைப்புகள் குறைந்து வேகம் மட்டுப்படுகிறது. பெயர் உடனே ஞாபகம் வராமல் பிறகு வந்தால் அது வயதோடு வருவது. பழகிய வழியில் தடுமாறினாலோ, கணக்குவழக்கில் புதிதாகக் குழம்பினாலோ அதை வயது என்று விடக்கூடாது.

இப்போது உங்கள் அப்பாவுக்கு வருவோம். நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்திய சொல் அந்த ‘செட்’. சில மெடிக்கலில் சீட்டு இல்லாமல் மடித்துத் தரும் அந்தப் பொட்டலத்தில் ஒரு வலி மாத்திரை, ஒரு அல்சர் மாத்திரை, அவற்றோடு பெரும்பாலும் சின்னதாக ஒரு ஸ்டீராய்டும் இருக்கும், டெக்ஸாமெத்தசோன் அல்லது பிரெட்னிசலோன். போட்ட அன்றே வலி பறந்துவிடும், பசி எடுக்கும், தெம்பு வந்தது போல இருக்கும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்: தோல் மெலியும், காயம் ஆறாது, இளவயதிலேயே கண்புரை வரும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், தொடைத் தசை இளைத்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவர் கையூன்றாமல் எழ முடியாது. முதுமை முப்பது வருடத்தில் செய்வதை இது இரண்டு வருடத்தில் செய்யும். நீங்கள் எழுதிய பட்டியலில் பாதி இதில் அடங்குகிறது. முகம் உருண்டையாக உப்பியிருக்கிறதா, கையில் சும்மா இடித்தாலும் ஊதாத் தழும்பு விழுகிறதா என்று பாருங்கள். ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள்: பல மாதம் ஸ்டீராய்டு எடுத்தவர் திடீரென்று நிறுத்தக் கூடாது. உடம்பு தன் சொந்தச் சுரப்பை நிறுத்தி வைத்திருக்கும். சட்டென்று விட்டால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்த வீழ்ச்சி என்று உயிருக்கே ஆபத்தாகலாம். பொட்டலத்தை அப்படியே எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்.

அடுத்தது தண்ணீர். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாறைக்கடியில் உள்ள நீரில் ஃபுளூரைடு அதிகம் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் நிதியுதவியோடு வந்ததே அதற்காகத்தான், 2013இல் தொடங்கப்பட்டது. காவிரித் தண்ணீர் வந்த ஊர்களில் நிலைமை மாறியிருக்கிறது. ஆனால் காட்டுக்கொட்டாயில் குடியிருப்பவர்களும், நாளெல்லாம் வயலில் இருப்பவர்களும் இன்னும் போர் தண்ணீரையே குடிப்பதைப் பார்க்கிறேன். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது, நம் நாட்டுத் தர அளவில் 1 மில்லிகிராமுக்குள் இருப்பதுதான் விரும்பத்தக்கது. வருடக்கணக்கில் அதற்கு மேல் குடித்தால் ஃபுளூரைடு எலும்பின் தாதுவிலேயே இடம் பிடித்துக்கொள்கிறது. எலும்பு கெட்டியாகத் தெரிந்தாலும் நொறுங்கும் தன்மை கூடும், தசைநார்களில் சுண்ணாம்பு படிந்து முதுகும் கழுத்தும் இறுகும். சிறுவயதிலிருந்தே அந்தத் தண்ணீர் குடித்தவரின் பல்லில் பழுப்புக் கறை இருக்கும். மோவாய் மார்பைத் தொடுகிறதா, முட்டி மடங்காமல் குனிந்து கால் விரலைத் தொட முடிகிறதா, கையை உயர்த்திப் பின்னந்தலையைத் தொட முடிகிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். முடியவில்லை என்றால் அதை வைத்தே முடிவுக்கு வரவேண்டாம், முன்கையை எக்ஸ்ரே எடுத்தால் இரண்டு எலும்புக்கும் நடுவே சுண்ணாம்புப் படிவு தெரிகிறதா என்று டாக்டர் பார்ப்பார். தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள். கொதிக்க வைத்தால் ஃபுளூரைடு போகாது, ஆவியான அளவுக்கு இன்னும் செறிவாகும். ஆர்.ஓ. நீக்கும், சாதாரண கேண்டில் ஃபில்டர் நீக்காது. தண்ணீரை மாற்றினால் மேலும் கெடுவது நிற்கும், வலியும் பலருக்குக் குறைகிறது. இறுகிவிட்ட முதுகு முழுவதும் நெகிழ்ந்து பழையபடி ஆகும் என்று நான் வாக்குத் தர மாட்டேன்.

மூன்றாவது, மலிவாகக் கண்டுபிடிக்கக் கூடியவை: சர்க்கரை, ரத்தசோகை, தைராய்டு குறைவு, பி12 குறைவு. ஆறாத புண், கண் மங்கல், அசதி மூன்றும் சேர்ந்தால் சர்க்கரையைத்தான் முதலில் நினைப்பேன். ஏற்கனவே மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடம் எடுப்பவருக்கு பி12 குறைந்து கால் மரத்துப்போவதும் மறதியும் வரலாம், ஊசி போட்டால் பலருக்கு நன்றாகவே திரும்புகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் எடை இறக்கமும் இருந்தால் சளிப் பரிசோதனை. பீடி பிடிப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. பிடித்தால், செல் முதுமையை வேகப்படுத்துவது உறுதியாகத் தெரிந்த பொருட்களில் அதுதான் முதல் வரிசை.

இனி அந்த மாத்திரை. எந்த நிறுவனம் என்று தெரியாது, ஆனால் இந்த வகை மாத்திரைகளில் பொதுவாக இருப்பவை எதிர் ஆக்ஸிகரணிகள், என்எம்என் போன்ற என்ஏடி ஊக்கிகள் (என்ஏடி என்பது செல் சக்தி உண்டாக்கத் தேவையான ஒரு துணை மூலக்கூறு), குவர்செடின் என்ற தாவரப் பொருள். செல்லுக்குள் உண்டாகும் தீவிர மூலக்கூறுகள்தான் முதுமைக்குக் காரணம் என்ற கருத்தை 1956இல் டென்ஹம் ஹார்மன் முன்வைத்தார். அப்படியானால் அவற்றை அடக்கும் சத்தை மாத்திரையாகக் கொடுத்தால் போதுமே என்று பெரிய அளவில் சோதித்தார்கள். 1994இல் வெளிவந்த பின்லாந்து ஆய்வில், பீட்டா கரோட்டின் எடுத்த புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியது. 2011இல் வைட்டமின் ஈ எடுத்த ஆண்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் கொஞ்சம் அதிகமானது. அதே மூலக்கூறுகளைச் செல் சமிக்ஞையாகவும் பயன்படுத்துகிறது, மொத்தமாக அடக்கினால் இடையூறு. அதியமான் அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுத்த ஊர்க்காரர்கள் நாம், நெல்லிக்காயை நன்றாகச் சாப்பிடுங்கள், வைட்டமின் சி உணவாக வருவது நல்லதுதான், உணவில் இருக்கும் இரும்பை உடம்பு பிடித்துக்கொள்ளவும் அது உதவும். அதைச் சாறு இறக்கி மாத்திரையாக்கி ஆயுள் கூடும் என்று சொன்னால் நம்ப ஆதாரமில்லை. என்எம்என் ரத்தத்தில் என்ஏடி அளவை ஏற்றுகிறது, அது உறுதி. மனிதர் அதனால் நீண்ட நாள் வாழ்ந்ததாகக் காட்டப்படவில்லை. மூப்படைந்த செல்லை அழிக்க, குவர்செடினை ஒரு ரத்தப் புற்றுநோய் மருந்தோடு சேர்த்துச் சிறிய அளவில் மனிதர்களில் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள், 2019இல் வந்த முதல் ஆய்வில் 14 பேர்தான். ராபமைசின் எலியின் ஆயுளை நீட்டியது 2009இல் உறுதியானது, மனிதருக்கு அது நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து. ஆராய்ச்சி நல்ல திசையில்தான் போகிறது, பத்து வருடத்தில் ஏதாவது வரலாம். இன்று கடையில் விற்பதில் எதுவும் அந்த நிலைக்கு வரவில்லை. மாதம் நாலாயிரம் ரூபாயில் அப்பாவுக்குத் தேவையான பரிசோதனை எல்லாம் முடிந்து, தினமும் முட்டை வாங்கவும் மிஞ்சும்.

இன்றைக்கு மனிதரில் நிரூபணமான வழி தசையை எதிர்விசையோடு வேலை வாங்குவது. 1990இல் பாஸ்டன் நகரில், முதியோர் இல்லத்தில் இருந்த சராசரி 90 வயதுக்காரர்களுக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். தொடை வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. அந்த வயதிலும் தசை பதில் சொல்கிறது என்றால் 58 வயதில் கேட்கவே வேண்டாம். “அப்பா நாள் முழுக்க உழைக்கிறவர், அவருக்கு எதற்கு உடற்பயிற்சி” என்று தோன்றும். காட்டு வேலை இப்போது பாதி டிராக்டரில் நடக்கிறது, முட்டி வலி வந்தவர் தன்னையறியாமல் தொடையை வேலை வாங்காமல் ஒதுக்கிவிடுவார். நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லி நேரம் பாருங்கள். ஆசியர்களுக்கான 2019 வரையறைப்படி 12 விநாடிக்கு மேல் எடுத்தால் தசைத் திறன் குறைவு. ஆணுக்குக் கெண்டைக்கால் சுற்றளவு 34 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தாலும் யோசிக்க வேண்டும். அதே நாற்காலியில் எழுந்து உட்காருவதைத்தான் பயிற்சியாகவும் தருகிறேன், முட்டி தாங்கும் உயரத்தில் தொடங்கி, ஒருநாள் விட்டு ஒருநாள், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி. நடைப்பயிற்சியில் மைட்டோகாண்ட்ரியா கூடுகிறது, அது எந்த மாத்திரையாலும் இதுவரை இந்த அளவுக்கு நடக்காதது.

சாப்பாட்டில் நம் ஊர் களி குறைசொல்ல முடியாத உணவு, 100 கிராம் ராகியில் கால்சியம் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. குறை புரதத்தில், அதே 100 கிராமில் ஏழு கிராம்தான். மூன்று வேளையும் களியும் கடைந்த கீரையும் மட்டும் என்றால் தசைக்குப் போதாது. அவர் எடை 55 கிலோ என்றால் தினமும் 55 முதல் 65 கிராம் புரதம் இலக்கு. கொள்ளு 100 கிராமில் 22 கிராம் அளவு இருக்கிறது, முட்டை ஒன்றில் ஆறு. அவரைக்கொட்டை, கடலை, தயிர், மீன் எது ஒத்துவருமோ அது. சிறுநீரகம் பழுதானவருக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது, அதனால் இ-ஜிஎஃப்ஆர் பார்த்த பிறகு கூட்டுங்கள். பட்டினி இருந்தால் செல் சுத்தமாகும் என்று படித்துவிட்டு இளைத்த ஆளை விரதம் இருக்கச் சொல்லாதீர்கள். உணவைக் குறைத்தால் எலி நீண்ட நாள் வாழும் என்பது 1935 முதல் தெரியும், குரங்குகளில் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று மாறான முடிவு சொல்லின, மெலிந்த 58 வயது விவசாயிக்கு அதில் எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை.

இந்த வாரமே செய்ய வேண்டியது: தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பொது மருத்துவப் பிரிவுக்குக் காலையில் வெறும் வயிற்றில் அழைத்துப் போங்கள். ரத்த அணு எண்ணிக்கை, எச்பிஏ1சி, இ-ஜிஎஃப்ஆரோடு கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், தைராய்டு, பி12, ஒரு இசிஜி, கண் விழித்திரைப் பரிசோதனை கேளுங்கள். ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி எண் தவறாகக் காட்டலாம், அப்போது வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் சாப்பிட்ட பின் அளவையும் வைத்து முடிவு செய்யச் சொல்லுங்கள். செட் மாத்திரைப் பொட்டலமும் பழைய சீட்டுகளும் கையில் இருக்கட்டும். சர்க்கரையோ அழுத்தமோ உறுதியானால் மாத்திரைக்காக மாதாமாதம் நகரத்துக்கு அலைய வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது, அந்தப் பணியாளர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் போதும். நடை தள்ளாடினாலோ, இரண்டு கால்களும் மரத்தாலோ, சிறுநீரை அடக்க முடியாமல் போனாலோ தண்டுவட நரம்பு அழுந்துவதாக இருக்கலாம், அதற்கு வெளிநோயாளிப் பிரிவு திறக்கும் வரை காத்திருக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். ரிசல்ட் வந்ததும் எண்களை இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.